கத்திரி வெயிலில் சென்னையில் கலை பார்க்க: எதற்குப் போகலாம், எதை விடலாம்

போன வருஷம் ஏப்ரல் நடுவில் அக்கா கோவையிலிருந்து போன் செய்தாள். "பிள்ளைங்களுக்கு லீவு விட்டாச்சு. மே முதல் வாரம் வர்றோம், அஞ்சு நாள் இருப்போம். பீச்சும் மாலும் போன தடவையே பாத்தாச்சு. இந்தத் தடவை ஏதாவது கச்சேரி, நாடகம்னு காட்டு." அவள் மனதில் இருக்கிற சென்னை டிசம்பர் மாதச் சென்னை. சபா வாசல், கேன்டீன் தோசை, பட்டுப்புடவை. மே மாதச் சென்னை வேறு ஊர் என்று அவளிடம் சொன்னால் நம்பமாட்டாள்.

வரப்போகிறவர்கள் அக்கா, மாமா, பதினாறு வயதுப் பெண், பத்து வயதுப் பையன், கூடவே முழங்கால் வலியோடு எங்கள் அம்மா. மாமா எந்த இடத்தைச் சொன்னாலும் முதலில் கேட்கிற கேள்வி, "ஏசி இருக்கா?" இவர்கள் எல்லோருக்கும் ஒத்துவருவதைத் தேடி ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். அதில் தெரிந்துகொண்டதும், அந்த ஐந்து நாளில் பட்டதும்தான் இங்கே எழுதியிருப்பது.

மார்கழியில் யார் பாடுகிறார்கள் என்று பார்த்து சபாவைத் தேர்ந்தெடுப்போம். கோடையில் அது சரிப்படாது. முதலில் மணியைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் கலை. வெளியே நிற்க முடிகிற நேரம் காலை எட்டுக்கு முன்னால், சாயங்காலம் ஐந்தரைக்குப் பின்னால். நடுவில் இருப்பது கூரைக்கு அடியில் இருக்க வேண்டிய நேரம். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் ஆரம்பித்து 28 வாக்கில் முடியும் என்று காலண்டர் சொல்லும். ஆனால் சென்னையில் 45 டிகிரி அடித்தது 2003 மே 31 அன்று. கத்திரி முடிந்து மூன்று நாள் கழித்து! அதனால் காலண்டரை விடக் காற்றை நம்புவது நல்லது. கடல் காற்று மதியத்துக்குள் உள்ளே வந்துவிட்டால் அன்றைய சாயங்காலம் தப்பித்தது. மேற்குக் காற்று பலமாக அடித்துக் கடல் காற்றைத் தடுத்துவிட்டால் நாலு மணிக்கும் தார் ரோடு கொதிக்கும். போனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்றும் பாருங்கள்.

பகல் நேரத்துக்கு என்று வைத்தால் இரண்டே இரண்டு பெரிய போட்டியாளர்கள்: எழும்பூர் அரசு அருங்காட்சியகம், சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா. இரண்டுக்கும் விடுமுறை நாள் வேறு வேறு. எழும்பூரில் வெள்ளி, முட்டுக்காட்டில் செவ்வாய். இதை எழுதக் காரணம், நான் ஒரு வெள்ளிக்கிழமை பாந்தியன் சாலையில் ஆட்டோவை விட்டு இறங்கி, பூட்டிய கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. வளாகம் பெரிது, கட்டடத்துக்குக் கட்டடம் வெயிலில் நடக்க வேண்டும், எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் இரண்டாவது கட்டடத்திலேயே பையன் தரையில் உட்கார்ந்துவிடுவான். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: படிமக் கூடத்துக்கு மட்டும் போங்கள். சோழர் காலத்து வெண்கலங்கள். திருவாலங்காட்டு நடராசர் அங்கேதான் இருக்கிறார். அவருடைய புகைப்படங்களைப் பார்த்தே பிரெஞ்சுச் சிற்பி ரோதான் மயங்கி ஒரு கட்டுரை எழுதினார். நமக்கு மெட்ரோவில் எழும்பூர் ஸ்டேஷன் வரை போனால் போதும், நேரிலேயே பார்க்கலாம். ஆனால் எனக்கு எப்போதும் கால் நின்றுபோவது திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால்தான். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. இதை முன்கூட்டிச் சொல்லாமல், "இந்தச் சிலையில என்ன வித்தியாசம்?" என்று பையனிடம் கேட்டேன். "ஒரு கை உடைஞ்சு போச்சு, சித்தி" என்றான். உடையவில்லை, ஆண் பாதிக்கு இரண்டு, பெண் பாதிக்கு ஒன்று என்று சொன்னதும் திரும்பிப் போய் இடுப்பு வளைகிற இடத்தைத் தானே கண்டுபிடித்துக் காட்டினான். ஒரு மணி நேரம், இரண்டு மூன்று சிலை. அதற்குமேல் கோடையில் யாருக்கும் கண் வேலை செய்யாது. ஆர்வமுள்ளவர்கள் அமராவதிச் சிற்பங்களையும் பார்க்கலாம், இருபது நிமிஷம் கூடுதலாகும்.

தட்சிணசித்ரா வேறு மாதிரி. 1996 டிசம்பரில் திறந்தார்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைக் கல் கல்லாக, மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, அக்ரகார வீடு, கேரளத்து ஓட்டு வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு என்று ஒரு தெருவே இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் கோடையில்தான் அந்த வீடுகள் எதற்காக அப்படிக் கட்டப்பட்டன என்று புரியும். முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் வெளியே இருக்கிற சூட்டில் பாதிகூடத் தெரியாது. அம்மா அக்ரகாரத் திண்ணையில் சாய்ந்து, "எங்க பாட்டி வீடு இப்படித்தான்" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசினாள். சிக்கல், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற வழிதான். காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள், பதினொன்றரைக்குள் மணல் சுட ஆரம்பித்துவிடும். ஆகவே பானை வனைவது, ஓலை பின்னுவது என்று பிள்ளைகள் கையால் ஏதாவது செய்ய விரும்பினால் போங்கள். திறந்தவுடன் நுழைந்து பன்னிரண்டுக்குள் வெளியேறுங்கள். வெறுமனே பார்க்க மட்டும் என்றால் ஜூலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். நாங்கள் இரண்டு மணி வரை இருந்தோம், மாமா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார். திரும்பும் வழியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் சேர்ந்து நிலம் வாங்கி, பாத்திக் துணி செய்து விற்ற காசில் உருவாக்கிய கிராமம். அரை மணி நேரத்துக்கு நல்ல நிழல், நல்ல படங்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஐந்து நாளில் போனை மறந்த முதல் இடம் அதுதான்.

இரண்டில் ஒன்றுதான் என்றால் எழும்பூர். செலவு குறைவு, தூரம் குறைவு, வெயிலும் குறைவு. கையில் கார் இருந்து, சின்னப் பிள்ளைகளும் இருந்தால் மட்டும் முட்டுக்காடு.

சாயங்காலத்துக்கு வருவோம். கோடையில் சபாக்கள் தூங்குகின்றன என்று ஒரு பேச்சு உண்டு. சங்கீதத்துக்கு அது ஓரளவு உண்மை. பெரிய பெயர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பார்கள். ராமநவமியை ஒட்டி வந்தால் கதை வேறு, மேற்கு மாம்பலம் அயோத்யா மண்டபம் மாதிரி இடங்களில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, சுக்கு தட்டிப் போட்ட பானகம் குடித்துக்கொண்டே நல்ல கச்சேரி கேட்கலாம். ஆனால் அது பங்குனி சித்திரையோடு போய்விடும். மே மாதம் வருகிறவர்களுக்குச் சபாவில் கிடைப்பது நாடகம்.

கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் வருஷா வருஷம் நடத்தும் கோடை நாடக விழாவைச் சென்னைக்கு வெளியே இருப்பவர்கள் அவ்வளவாகக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். புது நாடகங்கள் அங்கேதான் முதலில் மேடை ஏறும், அப்புறம் வருஷம் முழுக்க மற்ற சபாக்களுக்குப் போகும். முதல் மேடை என்பதால் கொஞ்சம் கரடுமுரடு இருக்கும். வசனம் மறந்தால் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுக்கிற குரல் மூன்றாவது வரிசைக்குக் கேட்கும். சில நாடகங்களில் நகைச்சுவைத் துணுக்குகள் என் தாத்தா காலத்தவை. மாமியார் மருமகள் சண்டையில் ஆரம்பித்து, முதியோர் இல்லத்தில் கண் கலங்கவைத்து முடிக்கிற கதைகள் இன்னும் வருகின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு நாடகம் பிடிக்கும். சினிமா மாதிரி உறைந்துபோன சரக்கு இல்லை அது. சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு சபாவில், பெயர் வேண்டாம், நாடகத்தின் நடுவில் ஏசி நின்றுவிட்டது. எல்லோரும் நோட்டீஸை மடித்து விசிற ஆரம்பித்தோம். மேடையில் வீட்டு ஓனராக நடித்தவர் வாடகைக்கு வந்தவரைப் பார்த்து, வசனத்தில் இல்லாததை எடுத்துவிட்டார்: "அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே ஏசி ஓடலையேன்னு பாக்கறீங்களா?" அரங்கம் இடிந்துபோகும் அளவுக்குச் சிரிப்பு. அந்த நாடகத்தின் கதை எனக்கு மறந்துவிட்டது, அந்த ஒரு வரி மறக்கவில்லை.

குடும்பத்தோடு போவதற்கு இதைவிட வசதியான கலை கிடையாது. ஏழு மணி வாக்கில் ஆரம்பம், இரண்டு மணி நேரம், நாற்காலி, ஏசி. அம்மாவின் முழங்காலும் மாமாவின் கேள்வியும் ஒரே இடத்தில் தீர்ந்தன. உறுப்பினர்களுக்கு முன் வரிசை ஒதுக்குகிற வழக்கம் சபாக்களில் உண்டு, அதனால் முன்னாலேயே போன் செய்து வெளியாட்கள் எப்படி வருவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறை என்று பார்த்தால், ஊருக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல ஒன்றும் இருக்காது. நன்றாகச் சிரித்தோம், நன்றாகச் சாப்பிட்டோம் என்பதோடு சரி.

சொல்ல ஏதாவது வேண்டும் என்றால் தெருவுக்கு வர வேண்டும். கோடை என்பது கோயில் உற்சவங்களின் காலம். பங்குனியில் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் பெருவிழா, மூன்றாம் நாள் விடிகாலை அதிகார நந்தி, எட்டாம் நாள் அறுபத்துமூவர். சித்திரையில் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி பிரம்மோற்சவம். வைகாசியில் வடபழனி முருகன். இவற்றைப் பக்தி என்று மட்டும் எண்ணி ஒதுக்கிவைக்கிறவர்கள் நகரத்தின் மிகப் பெரிய இலவச இசை நிகழ்ச்சியைத் தவறவிடுகிறார்கள். சபாவில் மைக் வைத்துக் கேட்கிற நாதஸ்வரம் அறைக்குள் அடைத்த யானை. மாடவீதியில், சாமி கோபுர வாசலைத் தாண்டும்போது புறப்பாட்டுக்கென்றே உள்ள மல்லாரியை எடுத்தால்தான் அந்த வாத்தியம் எதற்குப் பிறந்தது என்று தெரியும். தவில் சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பி நம் நெஞ்சில் வந்து விழும்.

அக்கா வந்த வாரத்தில் பார்த்தசாரதி கோயில் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் கருட சேவை. நாலு மணிக்கு எல்லோரையும் எழுப்பினேன், திட்டு வாங்கினேன். கோயிலை ஒட்டிய தெருக்களில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருந்தார்கள், கால் வைத்தால் தரை ஜில்லென்று இருந்தது. குடைகள் முதலில் தெரிந்தன, அப்புறம் கருடன் மேல் பெருமாள். முன்னால் தமிழ்ப் பிரபந்த கோஷ்டி, பின்னால் வேத கோஷ்டி. தமிழுக்குப் பின்னால் பெருமாள், பெருமாளுக்குப் பின்னால் வேதம் என்று அம்மா பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். உற்சவர் முகத்தில் பீஷ்மர் விட்ட அம்புகளின் வடு இருக்கிறது என்று சொல்வார்கள். தேரோட்டி என்பதால் ஆயுதம் எடுக்காமல் அடிவாங்கியவர். அந்தப் பெண் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்துவிட்டு, "சித்தி, சாமி முகத்துல தழும்பு வெச்சிருக்காங்களா? நிஜமாவா?" என்று கேட்டாள். அடுத்த இரண்டு நாளும் அதைப் பற்றியே பேச்சு.

ஏழரை மணிக்கு வெயில் ஏறுவதற்குள் காபி குடிக்க உட்கார்ந்துவிட்டோம். செலவு, ஆட்டோவுக்கும் காபிக்கும் மட்டும். குறைகளும் சொல்ல வேண்டும். நாள் நட்சத்திரப்படி மாறும், கோயில் பத்திரிகையைப் பார்க்காமல் டிக்கெட் போடக் கூடாது. தேர் நாளிலும் அறுபத்துமூவர் நாளிலும் சின்னப் பிள்ளையையும் முழங்கால்காரர்களையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அறுபத்துமூவர் புறப்பாடு பிற்பகலில், வெயில் நேராக மண்டையில் இறங்கும். வழியெல்லாம் மோர் கொடுப்பார்கள் என்றாலும் கூட்டம் கூட்டம்தான். காலை வாகனங்கள்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஏற்றவை.

கடைசியாக, நான் தயங்கித் தயங்கிச் சொன்ன ஒன்று. தெருக்கூத்து. சென்னைக்கு உள்ளேயும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற பேட்டைகளில் கூத்து நடப்பதுண்டு, ஆனால் முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் காஞ்சிபுரம், செய்யாறு பக்கம் போக வேண்டும். அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கிற இந்த மாதங்களில்தான் அங்கே ஊர் ஊராகப் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. வில்வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, கர்ண மோட்சம் என்று நாளுக்கு ஒன்றாகப் போய், பதினெட்டாம் போரோடும் தீமிதியோடும் முடியும். செய்யாறு பக்கத்துப் புரிசைக் கூத்தைப் பற்றித் தமிழ் நாடக ஆர்வலர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். சூரியனுக்கு எதிரான கலை என்று வேண்டுமானால் சொல்லலாம். கோடையில் இதைவிடப் பொருத்தமான நேரம் எந்தக் கலைக்கும் கிடையாது. நாங்கள் போன அன்று துகிலுரிதல். இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்திருக்க, மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரிய, உள்ளேயிருந்து துரியோதனன் தன் பெருமையைத் தானே பாடினான். பையன் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுநடுவே ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையை இழுத்துச் சிரிக்கவைத்தான், அன்பளிப்புக் கொடுத்தவர் பெயரை மைக்கில் வாசித்தான். அப்புறம் அந்த இடம் வந்தது. துச்சாதனன் வேஷக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் நின்று, கற்பூரம் ஏற்றி, அம்மனைப் பார்த்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். வில்லனாக நடிக்கப்போகிறவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு வில்லனாகிறார். சலசலவென்று பேசிக்கொண்டிருந்த கூட்டம் அந்த நிமிஷத்தில் அப்படியே அடங்கியது. முன்வரிசைப் பாட்டிகள் எழுந்து நின்றார்கள்.

வசதி? ஒன்றும் கிடையாது. மாமா கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை. பாயும் போர்வையும் கொசுவத்தியும் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். கழிப்பறைக்கு ஊரில் யாரையாவது தெரிந்துவைத்துக்கொண்டு போவது நல்லது. ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மறுநாள் காது கேட்காது. ஒரு மணிக்குமேல் பாதிக் கூட்டம் தூங்கும், தூங்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள், சண்டைக் கட்டத்துக்கு மத்தளமே எழுப்பிவிடும். போகவர இருநூறு கிலோமீட்டருக்குமேல் ஆகும், வண்டி ஓட்டுகிறவர் விடிந்தபின் ரெண்டு மணி நேரமாவது தூங்காமல் கிளம்பக் கூடாது. அம்மாவை நாங்கள் கூட்டிப்போகவில்லை. அவளுக்கு அதில் இன்னும் வருத்தம்.

ஆக, ஒரே ஒரு சாயங்காலம்தான் இருக்கிறது என்றால், பெரியவர்களும் கூட இருந்தால், நாடகம். இரண்டு நாள் என்றால் ஒரு காலைப் புறப்பாடும் ஒரு நாடகமும், நடுவில் மதியத்துக்கு எழும்பூர். பதின்வயதுப் பிள்ளைகள் இருந்து, ஒரு ராத்திரித் தூக்கத்தை விட மனசு இருந்தால், மற்றதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டுக் கூத்துக்குப் போங்கள். காலையில் பெருமாள் முகத்துத் தழும்பைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே பாரதத்தைத் தெருமண்ணில் பார்க்கிற வாய்ப்பு எல்லா வாரமும் அமையாது. நாள் ஒத்துப்போனால் விடாதீர்கள்.

இந்த வருஷம் பங்குனி பிறந்ததுமே போன் வந்தது. பேசியது அக்கா இல்லை, மாமா. "செய்யாறு பக்கம் கர்ண மோட்சம் என்னிக்குன்னு விசாரிச்சு வை. அத்தைக்கு மட்டும் ஒரு சாய்வு நாற்காலி ஏற்பாடு பண்ண முடியுமா, பாரு."